ஸ்ட்ராபெரி: நல்லினமும் நல்ல நாற்றும்

மகாராஷ்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மலைப்பகுதிகளில் பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உழவர்கள் ஸ்ட்ராபெரி நாற்றுகளை நடுகின்றனர். ஓர் ஏக்கர் நிலத்திற்கு ஏறத்தாழ 22,000 முதல் 25,000 நாற்றுகள் தேவைப்படுகின்றன. நட்ட இரண்டு மாதங்களில் பழம் பறிக்கத் தொடங்கி, கோடை வரையில் அறுவடை நடைபெறுகிறது. பருவம் முடிந்ததும் செடிகள் அகற்றப்படுகின்றன. அடுத்த ஆண்டுக்குப் புதிய நாற்றுகளை மீண்டும் தேட வேண்டும்.

நெல்லுக்கு விதை எத்தகையதோ, ஸ்ட்ராபெரிக்கு நாற்று அத்தகையது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. விதைநெல்லை உழவர் தம் களத்திலேயே ஒதுக்கி வைத்துக் கொள்ள இயலும். ஸ்ட்ராபெரி நாற்றைத் தரும் தாய்ச்செடியோ பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது. ஒரு நாற்றின் விலை ஒரு ரூபாய் கூடினால், ஏக்கருக்கு 22,000 ரூபாய்க்குக் குறையாத செலவு கூடுகிறது. நாற்றுடன் நோயும் சேர்ந்து வருமாயின் இழப்புக்கு அளவே இல்லை. ஆகவே இப்பயிரின் வளர்ச்சி, நல்ல இனத்தை உருவாக்குதல், அதைத் தூய்மை கெடாமல் பெருக்குதல் ஆகிய இரு பணிகளையும் பொறுத்துள்ளது. முதற்பணி சிறப்பாக நடந்து, இரண்டாவது தவறினாலும் பயன் உழவரைச் சென்றடையாது.

இரு நிலங்களின் கலப்பு

இன்று உலகெங்கும் பயிராகும் பெரும்பழ ஸ்ட்ராபெரி இயற்கையில் காட்டில் தோன்றிய செடி அன்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களில் இரு அமெரிக்க வகைகள் கலந்ததால் பிறந்தது அது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த வர்ஜீனிய வகை ஒன்று. தென் அமெரிக்காவின் சிலி நாட்டு வகை மற்றொன்று. முன்னது மணமும் நிறமும் மிக்கது. பின்னது பெரிய பழம் தருவது. சிலி நாட்டின் மாபுச்சே மக்களால் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே பயிரிடப்பட்டு வந்தது.

பிரெஞ்சுப் பொறியாளர் அமெதே ஃபிரான்சுவா ஃபிரேசியே 1714ஆம் ஆண்டு சிலியிலிருந்து திரும்பியபோது, நீண்ட கடற்பயணத்தில் பிழைத்த ஐந்து செடிகளைக் கொண்டு வந்தார். அவை நன்கு வளர்ந்தும் காய்க்கவில்லை. அச்செடிகளில் பெண் பூக்கள் மட்டுமே இருந்தமையும், மகரந்தம் தரும் செடி அருகில் இல்லாமையுமே அதற்குக் காரணம். பிரிட்டனி கடற்கரைப் பகுதி உழவர்கள் வேறு ஸ்ட்ராபெரி வகைகளை இடையே நட்டபோது, சிலிச் செடி பெரிய பழங்களைத் தந்தது. இக்கலப்பின் உண்மையை ஆராய்ந்து கண்டவர் அந்துவான் நிக்கோலா துஷேன் என்னும் இளைஞர். அன்னாசி மணம் கமழ்ந்த புதிய செடி, சிலி வகையும் வர்ஜீனிய வகையும் சேர்ந்து பிறந்தது என்பதை 1766ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் அவர் எடுத்துரைத்தார்.

இவ்வரலாறு இனப்பெருக்க ஆய்வாளருக்கு ஓர் அடிப்படைச் செய்தியைத் தருகிறது. பயிர் ஸ்ட்ராபெரியின் உயிரணுவில் எட்டுத் தொகுதிகளாக 56 குரோமோசோம்கள் உள்ளன. காட்டு ஸ்ட்ராபெரி வகைகள் பலவற்றில் இரண்டு தொகுதிகளாக 14 மட்டுமே உண்டு. எட்டுத் தொகுதிகள் இருப்பதால் பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எண்ணற்ற விதமாகக் கலந்து வெளிப்படுகின்றன. இவ்வளத்தினாலேயே புதிய இனங்களை உருவாக்க முடிகிறது. விதை மூலம் ஓர் இனத்தை மாறாமல் பெருக்க இயலாமைக்கும் இதுவே காரணம்.

புதிய இனம் உருவாகும் முறை

இனப்பெருக்கப் பணி பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. ஒரு செடி மிகுந்த விளைச்சல் தரலாம். ஆனால் அதன் பழம் இளகியதாக இருக்கலாம். மற்றொன்றின் பழம் கெட்டியாக இருந்து, நோயையும் தாங்கலாம். சுவை குறைவாக இருக்கலாம். இரண்டின் நற்பண்புகளையும் ஒரே செடியில் காண்பதே ஆய்வாளரின் நோக்கம். தாயாகத் தேர்ந்தெடுத்த செடியின் மொட்டு விரியுமுன்பே அதன் மகரந்தத் தாள்கள் அகற்றப்படுகின்றன. பின்னர்த் தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூலகங்களின் மீது தடவி, வேறு மகரந்தம் படாதவாறு பூவை மூடி வைக்கின்றனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழம் முதிர்கிறது.

நாம் உண்ணும் செஞ்சதை உண்மையில் பூவின் பருத்த அடித்தளமே ஆகும். அதன் மேற்பரப்பில் புள்ளிகளாகக் காணப்படுபவையே தனித்தனி விதைகளைத் தாங்கிய உண்மைக் கனிகள். ஒரே பழத்தில் இவை நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றை முளைக்க வைத்தால் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு தன்மையுடையதாக இருக்கும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முதல் ஆண்டிலேயே கழிக்கப்படுகின்றன.

எஞ்சியவை ஓடுதண்டு மூலம் பெருக்கப்பட்டு, வரிசை வரிசையாகப் பல இடங்களில், பல ஆண்டுகள் சோதிக்கப்படுகின்றன. விளைச்சல், பழத்தின் பருமன், கெட்டித்தன்மை, இனிப்புக்கும் புளிப்புக்கும் உள்ள இசைவு, போக்குவரத்தைத் தாங்கும் திறன், நோய் எதிர்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் அளந்து பதிவு செய்யப்படுகின்றன. ஆயிரக்கணக்கான நாற்றுகளுள் ஒன்றோ இரண்டோ மட்டுமே புதிய இனமாக வெளியிடும் தகுதி பெறுகின்றன. தொடக்கம் முதல் வெளியீடு வரை ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழிவது வழக்கம். தொடர்ந்த நிதியும் மாறாத ஆய்வுக் குழுவும் இல்லாத இடத்தில் இத்தகைய பணி நிறைவு பெறுவதில்லை.

காட்டுச் செடியின் கொடை

சாதாரண ஸ்ட்ராபெரி இனங்கள் பகற்பொழுது குறைந்து குளிர் தொடங்கும்போது பூமொட்டுகளை உருவாக்குகின்றன. நீண்ட பகலும் வெப்பமும் நிலவும் மாதங்களில் பூக்காமல் ஓடுதண்டுகளை வீசுகின்றன. இதனால் பழம் கிடைக்கும் காலம் குறுகியதாகவே இருந்து வந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையில் கிடைத்த காட்டு ஸ்ட்ராபெரி ஒன்றைப் பயிர் இனங்களுடன் கலந்தார். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் பண்பு அச்செடியில் இருந்தது. பல தலைமுறைக் கலப்புக்குப் பின்னர் 1979ஆம் ஆண்டு அப்பண்புடைய முதல் கலிபோர்னிய இனங்கள் வெளிவந்தன. பயனற்றதெனத் தோன்றும் காட்டுச் செடி ஒரு தொழிலின் போக்கையே மாற்ற வல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்தியாவும் இத்தகைய செல்வத்தைப் பெற்றுள்ளது. இமயமலைச் சரிவுகளில் காட்டு ஸ்ட்ராபெரி வகைகள் வளர்கின்றன. நீலகிரியின் பெயரையே தாவரவியற் பெயராகத் தாங்கிய ஃபிரகேரியா நில்கெரென்சிஸ் என்னும் வகை, இந்திய மலைகளிலிருந்து தென்மேற்குச் சீனா வரையில் பரவியுள்ளது. அதன் வெண்ணிறச் சிறு பழங்களுக்குத் தனி மணம் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வகையைப் பயிர் ஸ்ட்ராபெரியுடன் கலந்து, பத்துத் தொகுதிக் குரோமோசோம்களும் பீச் பழ மணமும் கொண்ட 'தோக்குன்' என்னும் இனத்தை உருவாக்கினர். நம் மலைகளில் உள்ள காட்டு வகைகளைத் திரட்டிப் பாதுகாத்தல் வெறும் தாவரவியல் ஆர்வத்திற்குரிய செயல் அன்று என்பதை இது உணர்த்தும்.

ஓடுதண்டின் வேலை

நல்லினம் ஒன்று கிடைத்த பின்னர், அதை இலட்சக்கணக்கில் பெருக்க வேண்டும். இதற்கு இயற்கையே வழி வகுத்துள்ளது. தாய்ச்செடியின் இலைக் கக்கத்திலிருந்து மெல்லிய தண்டு ஒன்று தரையோடு நீள்கிறது. அதன் இரண்டாவது கணுவில் சேய்ச்செடி தோன்றி வேர் விடுகிறது. அங்கிருந்து தண்டு மேலும் நீண்டு அடுத்த செடியைத் தருகிறது. விதையிலிருந்து வராமல் தாயின் உடலிலிருந்தே வருவதால், ஒவ்வொரு சேயும் பண்பில் தாயையே ஒத்திருக்கும்.

நாற்றங்காலில் தாய்ச்செடிகளைப் போதிய இடைவெளி விட்டு நடுகின்றனர். பூக்கள் தோன்றியவுடன் அவற்றைக் கிள்ளி விடுவதால், செடியின் வலிமை ஓடுதண்டுகளுக்குச் செல்கிறது. வேர்விட்ட சேய்ச்செடிகள் பிரித்து நடப்படுகின்றன. ஓடுதண்டின் நுனிக் கன்றுகளைத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் வேர்விடச் செய்யும் முறையும் பரவி வருகிறது. மண் தொடர்பு இல்லாததால் மண்வழி நோய்களுக்கு அதில் இடம் குறைவு.

ஒரு தாய்ச்செடி 30 நல்ல நாற்றுகளைத் தருவதாகக் கொள்வோம். ஓர் ஏக்கருக்கு வேண்டிய 24,000 நாற்றுகளைப் பெற 800 தாய்ச்செடிகள் போதும். அந்த 800 செடிகளுள் பத்தில் ஒரு பங்கு நோயுற்றிருந்தால், வயலுக்குச் செல்லும் நோயுற்ற நாற்றுகள் 2,400 ஆகும். நன்மையை முப்பது மடங்காகப் பெருக்கும் ஓடுதண்டு, தீமையையும் அதே அளவில் பெருக்குகிறது. இப்பயிரின் நாற்றுத் தொழிலில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கும்.

மறைந்து வரும் நோய்கள்

வேர் அழுகல், கழுத்தழுகல், பறவைக்கண் நோய், நூற்புழுத் தாக்குதல் ஆகியவை நாற்றுடன் பரவக் கூடியவை. அசுவினிப் பூச்சிகள் பல வைரஸ் நோய்களைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. வைரஸ் தாக்கிய பயிர் இனங்கள் பல, வெளிப்படையான அறிகுறி எதையும் காட்டுவதில்லை. இரண்டு மூன்று வைரஸ்கள் ஒரே செடியில் சேரும்போதே செடி குன்றி, விளைச்சல் சரிகிறது. 'இனம் பழசாகி விட்டது' என உழவர்கள் கூறும் நிலை பெரும்பாலும் இவ்வாறு வருவதே.

மறைந்திருக்கும் வைரஸைக் கண்டறிய ஆய்வாளர்கள் ஓர் எளிய உத்தியைக் கையாண்டனர். ஐயத்திற்குரிய செடியின் இலை, வைரஸை உடனே வெளிக்காட்டும் இயல்புடைய காட்டு ஸ்ட்ராபெரிச் செடியில் ஒட்டுக் கட்டப்படுகிறது. வைரஸ் இருந்தால் காட்டுச் செடியின் புதிய இலைகள் சுருங்கியோ புள்ளி விழுந்தோ காட்டிக் கொடுக்கின்றன. இன்று மரபணு மூலக்கூற்றுச் சோதனைகளும் இதற்குத் துணை நிற்கின்றன.

பிரிட்டனின் ஸ்காட்லாந்துப் பகுதி கற்ற பாடம் இங்கு நினைவு கூரத்தக்கது. 1920களில் அங்குள்ள லானார்க்ஷயர் பகுதியின் ஸ்ட்ராபெரித் தோட்டங்களை வேரின் நடுப்பகுதி சிவந்து அழுகும் நோய் பாழாக்கியது. ஆகின்குரூவ் வேளாண் கல்லூரியில் அதற்கு எதிர்ப்புள்ள இனங்கள் உருவாக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆகின்குரூவ் கிளைமாக்ஸ்' விரைவில் பெரும் பரப்பைப் பிடித்தது. ஆனால் 1950களின் நடுவில், பரம்பரைக் குறையால் இலைகள் மஞ்சளாகி நலியும் கோளாறு அவ்வினம் முழுவதையும் பற்றியது. எல்லாச் செடிகளும் ஒரே செடியின் பிரதிகளாக இருந்தமையால் தப்பியவை இல்லை. ஒரே இனத்தை நம்பியிருத்தல் எத்தகைய ஆபத்து என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

அண்மைக் காலத்திலும் இத்தகைய எச்சரிக்கை கிடைத்துள்ளது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு முதல் இலையையும் பழத்தையும் தாக்கும் புதிய பூசண நோய் ஒன்று பரவியது. நாற்றங்கால்களிலிருந்து வந்த செடிகளுடன் அது தோட்டங்களை அடைந்தமை கண்டறியப்பட்டது.

தூய தாய்ச்செடி

நோயுற்ற இனத்தை மீட்கவும் வழி உண்டு. வளரும் குருத்தின் நுனியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவிலான திசுவில் வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. செடியைச் சில வாரங்கள் 37, 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்த பின்னர், அந்நுனியைத் துணித்துச் சத்துக் கூழில் வளர்த்தால் வைரஸ் அற்ற செடி கிடைக்கிறது. பெல்ஜியம் நாட்டின் பிலிப் பாக்சுஸ் என்னும் ஆய்வாளர், சோதனைக் குழாயில் ஸ்ட்ராபெரியை மிகப்பெரும் அளவில் பெருக்கும் முறையை 1974ஆம் ஆண்டு வெளியிட்டார்.

திசு வளர்ப்பு எல்லாவற்றையும் தீர்த்து விடும் என எண்ணுதல் பொருந்தாது. குழாயில் அளவுக்கு மீறிய சுற்றுகள் பெருக்கினால் இயல்பு மாறிய செடிகள் தோன்றக்கூடும். குழாயிலிருந்து வரும் செடி வயலில் பழத்திற்காக நடப்படுவதைவிட, தாய்ச்செடியாகப் பயன்படுவதே பொருத்தம். மேலும், தூய செடியைத் திறந்த வெளியில் வைத்தால் அசுவினி அதை மீண்டும் தூய்மை கெடுத்து விடும். ஆகவே நுனித்திசுச் செடி, பூச்சி புகாத வலைக்கூடத்தில் முதல் பெருக்கம், தனித்த நிலத்தில் அடிப்படை நாற்று, பின்னர்ச் சான்று பெற்ற நாற்று எனப் படிப்படியான முறை வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு படியிலும் சோதனை நடைபெறுகிறது.

நாற்றங்கால் அமையும் இடமும் முக்கியம். கலிபோர்னியாவில் இறுதிப் பெருக்கம் வடக்கிலுள்ள உயர்நிலங்களில் நடைபெறுகிறது. ஸ்பெயினில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள காஸ்டில் பீடபூமியின் நாற்றங்கால்கள், தெற்குக் கடற்கரையின் உவெல்வா பகுதித் தோட்டங்களுக்கு நாற்று வழங்குகின்றன. உயர்நிலத்தின் இலையுதிர்காலக் குளிர் செடியின் கழுத்துப் பகுதியில் மாவுச்சத்தைச் சேர்க்கிறது. அத்தகைய நாற்று சமவெளியில் நட்டவுடன் விரைந்து வேரூன்றி, முன்கூட்டியே காய்க்கிறது.

இந்தியாவின் இன்றைய நிலை

நாட்டின் ஸ்ட்ராபெரி விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காடு மகாபலேஷ்வர், பஞ்ச்கனி வட்டாரத்தைச் சார்ந்தது எனக் கணக்கிடப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அறிமுகமான இப்பயிர் அங்கு நிலைபெற்று, 2010ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. இமாசலப் பிரதேசம், அரியானா, பஞ்சாப், மேகாலயம் ஆகிய மாநிலங்களிலும் சாகுபடி உண்டு. வறட்சிக்குப் பெயர்பெற்ற பந்தல்கண்டின் ஜான்சி நகரில் 2021ஆம் ஆண்டு ஸ்ட்ராபெரி விழா நடத்தும் அளவுக்கு இப்பயிர் பரவியுள்ளது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் சிறு அளவில் பயிராகிறது.

இத்தோட்டங்களில் பரவியுள்ள சுவீட் சார்லி, விண்டர் டான், கமரோசா, சாண்ட்லர் ஆகிய இனங்கள் ஃபுளோரிடா, கலிபோர்னியா பல்கலைக்கழகங்களில் உருவானவை. மகாபலேஷ்வர் உழவர்களுக்கான தாய்ச்செடிகள் மழைக்காலத்திற்கு முன்னர் இறக்குமதியாகின்றன. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் மகாபலேஷ்வரில் அக்காலத்தில் நாற்றங்கால் அமைப்பது கடினம். ஆகவே மலைக்குக் கிழக்கே மழை குறைந்த வாய் வட்டத்தில் அவை பெருக்கப்பட்டு, மழை ஓய்ந்ததும் மலைக்கு ஏற்றப்படுகின்றன. உழவர்களே அனுபவத்தால் கண்டறிந்த இவ்வேலைப் பிரிவினை பாராட்டுக்குரியது. எனினும் கப்பலோ விமானமோ தாமதமானால் நடவு தவறும். அயல்நாட்டு நாற்றங்காலில் நோய் தோன்றினால் அதன் விளைவை இந்திய உழவரும் ஏற்க வேண்டியவராகிறார்.

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 'பூசா எர்லி டுவார்ஃப்' என்னும் இனத்தை வட இந்தியச் சமவெளிக்கென உருவாக்கியது. ஆனால் உள்நாட்டு இனங்கள் வணிகச் சாகுபடியில் பெரிய இடத்தைப் பெறவில்லை. கெட்டியான பழம், நீண்ட பயணத்தைத் தாங்கும் தன்மை ஆகியவற்றில் அயல்நாட்டு இனங்கள் முந்தி நிற்கின்றன.

சட்டமும் திட்டமும்

அயல்நாட்டுச் செடிகளுடன் நோய் நுழைவதைத் தடுக்க, 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை, இறக்குமதி அனுமதியையும் ஏற்றுமதி நாட்டின் நலச் சான்றையும் கட்டாயமாக்கியுள்ளது. 2001ஆம் ஆண்டுப் பயிர் இனப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் புதிய இனத்தை உருவாக்கியவரின் உரிமையையும் உழவரின் உரிமையையும் ஒருங்கே ஏற்கிறது. திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006ஆம் ஆண்டு முதல் உள்ளது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அமைச்சரவை ரூ. 1,765.67 கோடி மதிப்பிலான தூய தாவரத் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. வைரஸ் அற்ற தாய்ச்செடிகளைப் பழப் பயிர்களுக்கு வழங்க ஒன்பது மையங்கள் நிறுவுதல் இத்திட்டத்தின் நோக்கமாகும்.

இத்தகைய ஏற்பாடுகளின் முழுப் பயனும் ஸ்ட்ராபெரி உழவரைச் சேர வேண்டுமாயின், சில பணிகளை முறையாக மேற்கொள்ளுதல் நலம். முதலாவதாக, குளிர்ந்த மலைப்பகுதிகளில் சான்று பெற்ற நாற்றங்கால்கள் அமைந்து, சமவெளி உழவர்களுக்கு நாற்று வழங்க வேண்டும். ஸ்பெயினில் பீடபூமியும் கடற்கரையும் கொண்டுள்ள உறவை இமாசலமும் அரியானாவும் கொள்ள இயலும். இரண்டாவதாக, நாற்று விற்போர் தாய்ச்செடியின் மூலத்தையும் சோதனை விவரத்தையும் சீட்டில் குறிப்பிடுதல் வழக்கமாக வேண்டும். மூன்றாவதாக, வெப்பத்தைத் தாங்கிப் பூக்கும் உள்நாட்டு இனங்களுக்கான ஆய்வு இடையறாது நடைபெற வேண்டும்.

விதைவழிச் சாகுபடி என்னும் புதிய வழியும் திறந்துள்ளது. நெதர்லாந்திலும் ஜப்பானிலும், பெற்றோரைத் தலைமுறை தலைமுறையாகச் சீராக்கி, விதையிலிருந்தே ஒரே சீரான செடிகளைத் தரும் கலப்பினங்கள் வெளிவந்துள்ளன. நாற்றுடன் வரும் நோய்களுள் பல விதை வழியே வருவதில்லை. விதையை ஏற்றி இறக்குவதும் சேமிப்பதும் எளிது. இந்திய ஆய்வு நிலையங்கள் கருத்தில் கொள்ளத்தக்க துறை இது.

ஸ்ட்ராபெரி சிறு பரப்பில் மிகுந்த உழைப்பையும் முதலையும் ஏற்கும் பயிர். அதைப் பயிரிடுவோர் பலர் ஓரிரு ஏக்கர் உடைய சிறு உழவர்கள். ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த நடவுக்கான பணம் அவர்கள் கையில் இருப்பதில்லை. அவர்கள் விலை கொடுத்து வாங்கும் நாற்றின் தூய்மையைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. அதை அறிந்து உறுதி கூற வல்லவை ஆய்வுக் கூடமும் சான்றளிக்கும் அமைப்புமே. அவ்வுறுதி கிடைக்கும்போதுதான், பத்தாண்டுகள் முயன்று ஆய்வாளர் உருவாக்கிய நல்லினம் உழவரின் வயலில் நல்ல விளைச்சலாக மாறும்.